ஆல் அவுட்டுக்குப் பின் 20 நிமிடங்கள்: செட்டிநாட்டுக் கபடி அணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே, பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரின் கபடி அணியைப் பற்றிய ஆய்வு இது. ஊருணிக் கரையை ஒட்டிய செம்மண் பொட்டல்தான் அவர்களுடைய ஆடுகளம். கொத்தனார் வேலைக்குப் போகிறவர், காரைக்குடியில் கைப்பேசிக் கடையில் நிற்பவர், கல்லூரி மாணவர்கள் என்று கலவையான அணி. பயிற்சி கொடுப்பவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு உறவு முறையிலேயே மாமா. மீதிப் பேரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இங்கும் அவர் மாமாவாகவே இருக்கட்டும்.

உடற்கல்வித் துறையில் இருப்பவன் என்பதால் என்னிடம் வந்த கேள்வி இது. சொந்தப் பொட்டலில் இந்த அணியை வெல்வது கடினம். வெளியூர் மின்னொளிப் போட்டிகளிலும் தொடக்கத்தில் நன்றாகவே ஆடுவார்கள். ஆனால் ஒருமுறை ஆல் அவுட் ஆகிவிட்டால், அதாவது எழுவரும் ஆட்டமிழந்துவிட்டால், அந்த ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். உடனே போவதில்லை என்பதுதான் விநோதம். எழுவரும் மீண்டும் களத்துக்கு வந்து சில நிமிடங்கள் ஒழுங்காகத் தாக்குப் பிடிப்பார்கள். இடைவேளை முடிந்து திரும்பிய பிறகு, எந்தக் காரணமும் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், கட்டு குலையும். மூவர் சேர்ந்து மடக்க வேண்டிய ரெய்டர், அதாவது பாடிவரும் எதிரணி ஆட்டக்காரர் மேல் ஒருவர் தனியாகப் பாய்வார். இன்னொருவர் நடுவரிடம் வாக்குவாதத்தில் இறங்குவார். பிடியே நடக்காமல் யாராவது எல்லைக் கோட்டுக்கு வெளியே காலை வைத்துவிடுவார்.

மாமாவிடம் இதற்கு நெடுநாளாக ஒரு விளக்கம் இருந்தது. "பையன்களுக்கு வெறி போதவில்லை தம்பி. ரத்தம் சூடாகவே மாட்டேன் என்கிறது" என்றார். மருந்தும் அதற்கேற்றது: இடைவேளையில் ஐந்து நிமிடமும் வசவு, எதிரணி ஊர்க்காரர்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்ற தகவல், முதுகில் ஓர் அறை.

நான் வந்து சேர்ந்த முடிவு இதற்கு நேர் எதிரானது. வெறிக்குப் பஞ்சமே இல்லை. அதோடு சேர்ந்து வந்த பதற்றம்தான் ஆட்டத்தைத் தின்றது. பதற்றத்தை ஊட்டியவர்களில் முதல் ஆள், வேறு யாருமில்லை, மாமா.

வெறி எங்கிருந்து வருகிறது

கிராமத்திலும் ஜிம்மிலும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் என்றால் ஆண்மை, கோபம், முரட்டுத்தனம். ஆய்வுகள் காட்டும் படம் வேறு. போட்டி என்று வந்துவிட்டால், அதாவது ஒருவரின் இடமும் மதிப்பும் பணயத்தில் இருக்கும்போது, இந்தச் சுரப்பு உயர்கிறது. பறவைகளை ஆராய்ந்த ஜான் விங்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1990இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள். மனிதர்களில் பொலிவியக் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களின் கால்பந்தாட்டம் நல்ல சான்று. அமெரிக்க ஆண்களோடு ஒப்பிட்டால் அவர்களின் அடிப்படை டெஸ்டோஸ்டிரோன் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஆட்டம் முடிந்தவுடன் எடுத்த அளவு, ஆட்டத்துக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்திருந்தது. 2012இல் வெளியான முடிவு அது. போட்டிக்குத் தேவையான சூடு உடம்பில் தானாகவே ஏறிக்கொள்ளும். அதற்கு யாரும் வசவு பாட வேண்டியதில்லை.

இன்னொரு ஆய்வு மாமாவுக்கு நான் விரிவாகச் சொன்னது. 2010இல் ஐசனெக்கரும் உடன் ஆய்வாளர்களும் பெண்கள் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பணம் பங்கிடும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். உண்மையில் ஹார்மோன் பெற்றவர்கள் கூடுதல் நியாயமாகப் பங்கிட்டார்கள். தாங்கள் ஹார்மோன் பெற்றதாக நம்பியவர்கள், பெற்றார்களோ இல்லையோ, பேராசையாக நடந்துகொண்டார்கள். முரட்டுத்தனம் சுரப்பில் இருப்பதைவிட அந்தச் சுரப்பைப் பற்றிய நம்பிக்கையில் அதிகம் இருக்கிறது போலும். மாமா இதைக் கேட்டுவிட்டு, "பங்கிடும் விளையாட்டுக்கும் சடுகுடுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். கபடியில் தன் இடத்தை விட்டு நகராமல் பக்கத்து ஆளுக்காகக் காத்திருப்பதும் ஒரு வகைப் பங்கீடுதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அணியில் ஒரு பையன் தனியாக வந்து, ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் மூளை விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். உடம்பு தானாகச் சுரப்பதும் விந்தணு உற்பத்தியும் சரியும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் போட்டிக் காலம், ஓய்வுக் காலம் என்ற வேறுபாடின்றி எப்போதும் தடை செய்யப்பட்ட பொருள் அது. வேண்டாம் என்றேன், கேட்டுக்கொண்டான்.

தாமதமாக வரும் ஹார்மோன்

ஆல் அவுட்டுக்கும் குலைவுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் என்னை யோசிக்க வைத்தது. அதிர்ச்சி வந்த சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. சில நிமிடங்களில் வடிகிறது. நெருக்கடியில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் அப்படியல்ல. மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிச் சுரப்பிக்கும் அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி போய்ச் சேர்ந்த பிறகே அது சுரக்கிறது. பெரும்பாலும் நெருக்கடி தொடங்கி 20 முதல் 30 நிமிடங்கள் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். மத்தியான வெயில் ஓட்டில் ஏறிச் சாயங்காலம் அறைக்குள் இறங்குவதைப் போல.

கபடியின் நேரக் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஆண்களுக்கான முறையான ஆட்டத்தில் ஒரு பாதி 20 நிமிடம், நடுவில் ஐந்து நிமிட இடைவேளை. முதல் பாதியின் பத்தாவது நிமிடத்தையொட்டி ஆல் அவுட் ஆனால், கார்டிசால் உச்சம் தொடுவது இரண்டாம் பாதியின் ஐந்தாவது நிமிடத்துக்கும் பதினைந்தாவது நிமிடத்துக்கும் இடையில். இதே அணி இதே கட்டத்தில்தான் குலைகிறது. நடுவே இடைவேளையில் வசவு என்ற புது நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது.

கார்டிசாலைக் கெட்டது என்று தள்ளிவிட முடியாது. அது இல்லாவிட்டால் தசைக்கு வேண்டிய சர்க்கரை ரத்தத்துக்குப் போதிய அளவு வராது. கடும் உடலுழைப்பே அதை உயர்த்தும். டெஸ்டோஸ்டிரோனும் கார்டிசாலும் எந்தச் சேர்க்கையில் இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிரஞ்சல் மேத்தாவும் ராபர்ட் ஜோசப்சும் 2010இல் முன்வைத்த இரட்டை ஹார்மோன் கருதுகோளின்படி, கார்டிசால் தாழ்ந்திருக்கும்போதுதான் டெஸ்டோஸ்டிரோன் முன்னின்று நடத்தும் துணிச்சலாக வெளிப்படுகிறது. கார்டிசால் ஏறிவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது, சில சமயம் தலைகீழாகிறது. பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இந்த விளைவு சிறியது என்றே சொன்னார்கள். ஆனாலும் அணியளவில் இதைப் பார்த்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2016இல் மோடுபே அகினோலாவும் குழுவினரும் மேலாண்மை மாணவர்கள் 370 பேரை 74 குழுக்களாகப் பிரித்து ஒரு வாரம் போட்டியிட வைத்தார்கள். குழுவாகச் சேர்த்துப் பார்க்கையில் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தும் கார்டிசால் தாழ்ந்தும் இருந்த குழுக்கள் சிறப்பாகச் செயல்பட்டன. இரண்டுமே உயர்ந்திருந்த குழுக்கள் தடுமாறின.

ஹார்மோனை அளக்க அணியில் யாரிடமும் நான் எச்சில் மாதிரி எடுக்கவில்லை. வாயில் தேநீரும் ஈறில் ரத்தக் கசிவும் இருக்கும் ஆட்டக்காரரிடம் நள்ளிரவில் எடுக்கும் மாதிரியில் வரும் எண்ணை நம்புவதற்கில்லை. அதனால் கண்ணால் பார்க்கக்கூடியதைக் குறித்துக்கொண்டேன்: யார் யாரைத் தொடுகிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், புள்ளி போன பிறகு அணி மீண்டும் வரிசையாக எவ்வளவு நேரமாகிறது.

கைச்சங்கிலி

கபடியில் தடுப்பாட்டக்காரர்கள் கை கோத்து நிற்பார்கள். ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரரும் அவரை அடுத்த கவர் ஆட்டக்காரரும் பிடித்துக்கொள்ளும் விதத்திலேயே அணியின் நிலவரம் தெரிந்துவிடும். நல்ல நேரத்தில் உள்ளங்கை முழுதாக உள்ளங்கைக்குள் இருக்கும்; ரெய்டர் உள்ளே வரும்போது ஒருவர் அழுத்த, மற்றவர் எடையை மாற்றுவார். வாயால் சொல்ல நேரமில்லாத செய்தி அந்த அழுத்தத்தில் போகும். ஆல் அவுட்டுக்குப் பிறகு இந்த அணியின் இடது கார்னர், அவர்தான் அணித் தலைவர், முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டே இருப்பார். கவர் ஆட்டக்காரர் கை நீட்டுவார். தலைவர் இரண்டு விரலை மட்டும் கொடுப்பார், கண் பெஞ்சில் மாமாவின் மேல் இருக்கும். அடுத்த ரெய்டில் சங்கிலி அந்த இடத்தில்தான் அறுந்தது.

தொடுதலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகளில் 2010இல் ஆராய்ந்திருக்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தும் தோள் அணைத்தும் ஆடிய அணிகள் பருவத்தின் பிற்பகுதியில் நன்றாக ஆடின. அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தின் பெனால்டி உதைகளைப் பார்த்தது. கோல் போட்டவுடன் இரு கைகளையும் உயர்த்தி வெளிப்படையாகக் கொண்டாடியவர்களின் அணி வெல்லும் வாய்ப்பு கூடியிருந்தது. இவற்றின் அடியில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இருக்கலாம் என்று பெப்பிங்கும் டிம்மர்மன்சும் 2012இல் விரிவாக எழுதினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை உண்டாக்கும் அதே ஆக்சிடோசின்தான். அணியில் ஒருவருடைய மகிழ்ச்சி இன்னொருவருக்குத் தொற்றிக்கொள்ள அது துணை செய்கிறது என்பது அவர்கள் வாதம்.

நம் பையன்கள் கொண்டாடாமல் இல்லை. நல்ல பிடி பிடித்தவர் தொடையைத் தட்டிக் கர்ஜிப்பார், ஆனால் கூட்டத்தைப் பார்த்து. அணிக்கு முதுகைத்தான் காட்டுவார்.

அன்பு, நம்பிக்கை என்று மட்டும் ஆக்சிடோசினைக் கொண்டாடுகிறவர்கள் அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. 2010இல் டி டிரூவின் குழு கண்டது, அது தன் குழுவுக்குள் ஒத்துழைப்பைக் கூட்டுவதோடு வெளியாளிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் எதிர்ப்பையும் வளர்க்கிறது என்பதை. மூக்கில் தெளித்துச் செய்யும் இத்தகைய சோதனைகள் பற்றி இன்று நிறைய வாதம் நடக்கிறது. ஆனால் இந்த அணியில் ஒரு வெளியாள் இருந்தார்.

கெஸ்ட்

பரிசுத் தொகை பெரிதாக உள்ள போட்டிகளுக்கு வெளியூர் ரெய்டர் ஒருவரைப் பணம் பேசி வரவழைப்பது இங்கே வழக்கம். கெஸ்ட் என்பார்கள். இந்த அணிக்கு வந்தவர் தஞ்சைப் பக்கத்துக்காரர், மிகத் திறமையானவர். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பைக்கில் வந்து இறங்குவார். பணத்தை வாங்கிக்கொண்டு விடியலில் போய்விடுவார். களத்தில் தலைவருக்கே கட்டளை போடுவார். தலைவர் வாய் திறக்க மாட்டார், ஆனால் அந்த இரண்டு விரல் விவகாரம் கெஸ்ட் ஆடும் நாள்களில்தான் அதிகம்.

மைக்கேல் சைஃபரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் கண்டதை இங்கே நினைத்துக்கொண்டேன். டெஸ்டோஸ்டிரோன் அளவும் குழுவில் கிடைத்த இடமும் பொருந்தாத குழுக்களில், நம்மால் முடியும் என்ற கூட்டு நம்பிக்கை குறைந்திருந்தது. முன்னிற்கத் துடிப்பவர் பின்னால் தள்ளப்பட்டாலும், பின்னிற்க விரும்புபவர் முன்னால் இழுக்கப்பட்டாலும் குழு முழுவதும் அதன் விலையைக் கொடுக்கிறது. அணியில் எல்லாருமே முன்னிற்கத் துடிப்பவர்களாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். 2012இல் ரிச்சர்ட் ரோனேயின் குழு, அப்படிப்பட்டவர்களை மட்டும் சேர்த்த குழுக்களில் சச்சரவு மிகுந்து உற்பத்தி குறைந்ததைக் காட்டியது. விரல் நீள விகிதத்தை வைத்து ஹார்மோனைக் கணித்த பகுதி அதில் சர்ச்சைக்குரியது. ஆனால் ஏழு தலைவர்கள் உள்ள அணியைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு வியப்பளிக்காது.

இரவு மூன்று மணி

மின்னொளிப் போட்டியின் சுவரொட்டியில் மாலை ஆறு மணி என்று இருக்கும். சிறப்பு அழைப்பாளர்கள் வந்து பொன்னாடை போர்த்தி முடிக்கவே ஒன்பதாகிவிடும். கால் இறுதி நள்ளிரவைத் தாண்டும். அரை இறுதி இரண்டு, மூன்று மணிக்கு. பகலெல்லாம் சாரத்தில் நின்று கல் சுமந்தவர் அந்த நேரத்தில் ரெய்டு போகிறார்.

டெஸ்டோஸ்டிரோன் உறக்கத்தில் ஏறிக் காலையில் உச்சம் தொடுவது. இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டதில் பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்ததை 2011இல் பதிவு செய்தார்கள். கார்டிசால் நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்து கிடக்க வேண்டியது. ஆட்டம் எப்போது என்று தெரியாமல் நான்கைந்து மணி நேரம் ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்துக் காத்திருப்பதும், தூக்கம் வராமலிருக்கக் குடிக்கும் தேநீரும் அதை எழுப்பி உட்கார வைக்கின்றன. இதோடு இடமும் சேர்கிறது. 2003இல் நீவும் வுல்ஃப்சனும் இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களிடம் கண்டபடி, சொந்த மைதானத்து ஆட்டத்துக்கு முன் டெஸ்டோஸ்டிரோன் அதிகம், வெளியூர் ஆட்டத்துக்கு முன் குறைவு. பொட்டலில் புலி, வெளியூரில் பூனை என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உடலியல்.

மாற்றியவை

முதலில் வசவின் நேரம். வசவை நிறுத்துங்கள் என்று மாமாவிடம் சொல்லியிருந்தால் நான் அன்றே ஊர் திரும்பியிருப்பேன். திங்கட்கிழமை மாலைக்குத் தள்ளி வையுங்கள் என்றேன். ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு 30 நொடி டைம் அவுட் இரண்டு உண்டு. அதில் ஒன்றை ஆல் அவுட் ஆன உடனே எடுப்பது என்று முடிவானது. எழுவரும் தோளில் கை போட்டு வட்டமாக நின்று மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். அடுத்த ரெய்டுக்கு யார் எங்கே நிற்பது என்று தலைவர் ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். வேறு பேச்சில்லை. முதல் முறை பையன்கள் வெட்கத்தில் சிரித்துவிட்டார்கள். சிரிப்பும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

தோற்ற ஆட்டத்தின் காணொளியை வேனில் திரும்பும்போதே போட்டுத் தவறுகளை அலசும் வழக்கமும் இருந்தது. 2012இல் க்ரூதரும் குக்கும் தொழில்முறை ரக்பி வீரர்களிடம் செய்த சோதனையைத்தான் இங்கே பின்பற்றினோம். ஆட்டம் முடிந்த மறுநாள், தாங்கள் நன்றாகச் செய்த பகுதிகளைப் பயிற்சியாளரின் பாராட்டோடு பார்த்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தது, அடுத்த ஆட்டமும் மேம்பட்டது. தவறுகளை எச்சரிக்கையோடு பார்த்தவர்களுக்குக் கார்டிசால் ஏறியது. ஆகவே ஒவ்வொருவருடைய நல்ல பிடியும் நல்ல ரெய்டும் முதலில். தவறுகள் திங்கட்கிழமை, மாமாவின் கச்சேரியோடு.

கெஸ்டை இரண்டு நாள் முன்பே வரச் சொன்னோம், விடுதியில் அல்ல, தலைவர் வீட்டில் தங்க. தலைவரின் அம்மா போட்ட வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் என் ஆலோசனைகளைவிட அதிகம் சாதித்தன என்று தோன்றுகிறது. இரண்டாம் நாள் இரவே "அண்ணே, இடப்பக்கம் நீங்கள் சொல்வதுதான்" என்று அவர் சொல்லிவிட்டார். தடுப்பில் தலைவர் சொல், ரெய்டில் கெஸ்ட் சொல் என்று எல்லை பிரிந்தது.

பயிற்சியில் செய்த மாற்றம்தான் கடினமாக இருந்தது. கரீபியன் தீவான டொமினிகாவின் ஒரு கிராமத்தில் மார்க் ஃப்ளின்னின் குழு கண்டதுபடி, வேற்றூரை வென்றால் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் உயர்கிறது. சொந்த ஊர் நண்பர்களை வென்றால் உயர்வதில்லை. தங்களுக்குள்ளேயே இரு அணியாகப் பிரிந்து ஆடுவது போட்டி நாளின் உடம்புக்குப் பழக்காது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பக்கத்து ஊர் அணியை, அதுவும் நெடுநாள் உரசல் உள்ள அணியை, இரவு ஆட்டத்துக்குப் பொட்டலுக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி வாங்குவதற்குள் எனக்குத்தான் கார்டிசால் ஏறியது. அந்த ஆட்டங்கள் ஆல் அவுட் ஆன நிலையிலிருந்து தொடங்கின: நாம் பின்தங்கியிருக்கிறோம், எழுவரும் இப்போதுதான் களத்துக்கு மீண்டிருக்கிறோம், ஆடு.

மற்றபடி போட்டி நாளில் வேலைக்கு விடுப்பு, மத்தியானத் தூக்கம், மாலைக்குப் பிறகு தேநீர் கட்டுப்பாடு. தேநீர்க் கட்டுப்பாட்டை யாரும் மதிக்கவில்லை.

நடந்தது

பருவத்தின் பெரிய போட்டியில் கால் இறுதியின் முதல் பாதியிலேயே ஆல் அவுட் ஆனார்கள். வட்டம் கூடியது. மாமா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் தனிப்பாய்ச்சல் ஒன்றுகூட இல்லை. மூவர் மட்டும் களத்தில் எஞ்சியிருந்த ஒரு கட்டத்தில் எதிரணியின் முதன்மை ரெய்டரை மடக்கினார்கள். கணுக்காலைப் பிடித்தவர் தலைவர், மேலே விழுந்து அமுக்கியவர் கெஸ்ட். அந்த ஆட்டம் வெற்றி. அரை இறுதியில் இவர்களைவிடச் சிறந்த அணியிடம் தோற்றார்கள். அந்தத் தோல்வியில் குலைவு எதுவும் இல்லை. எதிரணியின் ரெய்டர்கள் உயரமும் வேகமும் கூடியவர்கள், அவ்வளவுதான்.

இதை ஹார்மோன்களின் வெற்றி என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. ஐந்து மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்தோம். தூக்கம் மட்டுமே இதைச் சாதித்திருக்கலாம். பணியாரம் மட்டுமே சாதித்திருக்கலாம். ஓடிப் புரளும் உழைப்பே கார்டிசாலை உயர்த்துவதால், ஆல் அவுட்டின் பங்கு எது, களைப்பின் பங்கு எது என்று வெறும் பார்வையால் பிரிக்கவும் முடியாது.

அடுத்த பருவத்தில் அதே ஊர் மாணவியர் அணியையும் சேர்த்துக் கவனிக்கவிருக்கிறேன். பெண்களின் கால்பந்து அணியையும் 2006இல் ஆராய்ந்த எட்வர்ட்சின் குழு, போட்டியின்போது அவர்களுக்கும் இரண்டு ஹார்மோன்களும் உயர்வதையும், ஆட்டத்துக்கு முந்தைய டெஸ்டோஸ்டிரோன் அளவு சக ஆட்டக்காரர்களோடு உள்ள நெருக்கத்தோடு தொடர்புடையதாக இருப்பதையும் கண்டது. மாணவியருக்கு இரவு ஆட்டம் கிடையாது, கெஸ்ட் கிடையாது, பயிற்சி தருபவரும் வேறு. ஆல் அவுட் மட்டும் உண்டு. அவர்களும் அதே தாமதத்தில் குலைந்தால் கார்டிசால் விளக்கத்துக்கு வலு கூடும்; குலையாவிட்டால் தூக்கத்தையும் தேநீரையும் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.